எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தால்

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் வழக்கமாக வேலையிலிருந்து ஓய்ந்த பிறகுதான் எழுதுவார்கள். நான் ஓய்வு பெற இன்னும் பாதி ஆயுள் இருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் இந்தத் திருப்பதிப் பட்டறையை விட்டு, கடல் இருக்கிற ஓர் ஊருக்கு வேலைக்குப் போகிறேன். என் நாற்காலியில் உட்காரப்போகிற நீங்கள் இருவரும் நேற்று வந்து சேர்ந்தீர்கள். வந்ததும் கணினியைத் திறந்து, படகின் உடலை வரைகிற மென்பொருளில் ஒரு கோட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "அய்யோ, எவ்ளோ அழகா வளையுது!" என்றீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மென்பொருளை எப்படி ஓட்டுவது என்று சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். அழகாக வளைந்த ஒரு படகை வைத்துக்கொண்டு நான் எப்படி அசடு வழிந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் என் தலைக்கனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. நகரியில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா நூல் சுற்றுகிறாள். என் பி.டெக். பட்டம் சட்டம் போட்டு சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கும் பூ வைக்கிறார்கள். நான் தடுத்ததில்லை. இந்தப் பட்டறையில் சேர்ந்த மாதமே என் சொந்தச் செலவில் விசிட்டிங் கார்டு அடித்தேன். பெயருக்குக் கீழே 'கப்பல் வடிவமைப்பாளர்' என்று போட்டுக்கொண்டேன். அதுவரை நான் தனியாக ஒரு பரிசல்கூட வடிவமைத்திருக்கவில்லை.

நைனா அந்தக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினார். தறிக்கொட்டகையில் ஒருவர், "திருப்பதில ஏதுபா கடலு?" என்று கேட்டாராம்.

"கடலு இருக்கற ஊர்ல கப்பல் செய்றதுல இன்னா இருக்குது? கடலே இல்லாத ஊர்ல செய்யுதுபா எம்பொண்ணு!" என்றிருக்கிறார் நைனா.

உண்மை என்னவென்று உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும். நம் பட்டறைக்குச் சோறு போடுவது இரண்டு. ஒன்று, அடுக்குமாடிக் கம்பெனிகள் கேட்கும் கட்டட மாதிரிகள். இன்னொன்று, சாவிக்கொத்தில் தொங்கும் சின்னப் பெருமாள் பொம்மைகள். படகு எப்போதாவதுதான் வரும். ஏதாவது கல்லூரி கேட்கும், இல்லை ஏரியில் படகு விடுகிறவர்கள் கேட்பார்கள். நான் வந்த புதிதில் யாரோ வரைந்து கொடுத்த படகுகளைக் கணினியில் ஏற்றிச் சின்னதாக்கி வெட்டக் கொடுப்பதுதான் என் வேலை. வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் முனிரத்தினம். ராமகுப்பத்துக்காரர். வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழுவுக்குத் தழை போட்டு வளர்ந்த பொறுமை அவருக்கு எல்லாவற்றிலும் உண்டு, என்னைக் கிண்டல் செய்வதில் தவிர. என் கார்டைப் பார்த்த நாளிலிருந்து என்னைக் 'கப்பலு' என்றுதான் கூப்பிடுகிறார்.

நானே முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை வரைந்த முதல் படகு, சித்தூர் தயாளன் அண்ணனுடையது.

அவர் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். திருப்பதிக்கு அருகே ஓர் ஏரியில் முப்பது பேர் உட்காரும் படகு விட அனுமதி கேட்டிருந்தார். அதே ஏரிக்கு இன்னொருவரும் கேட்டிருந்தார். அந்த இன்னொருவரிடம் கடையில் வாங்கிய தயார்ப் படகு இருந்தது. தயாளன் அண்ணன் புதிதாகக் கட்டப்போகிறார் என்பதால், இருபதில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, ஏரிக்கரையில் ஒரு குழுவின் முன்னால் மிதக்க விட்டுக் காட்டச் சொல்லியிருந்தார்கள். குறித்துக் கொடுத்த திங்கட்கிழமை மாதிரி காட்டாவிட்டால் ஏரி மற்றவருக்குப் போய்விடும். லாரி வேலையை அவர் ஏற்கெனவே விட்டுவிட்டிருந்தார்.

ஏரியைப் பார்க்க என்னை அழைத்துப் போனார். படகுத்துறை ஒரு குன்றின் மறைவில் இருந்தது. ஒரு பழைய துடுப்புப் படகில் குன்றைத் தாண்டியதும், வலது பக்கம் ஏழுமலையும் ஒரே வீச்சில் திறந்துகொண்டது.

"இதுக்குத்தான் மேடம் ஜனங்க வரப்போறாங்க" என்றார். "கோவில்ல ஒரு நிமிஷம்கூட நிக்க உட மாட்டான். இங்க மலைய ஆசை தீரப் பாக்கலாம்."

நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். விளம்பரப் படத்துக்குப் படகை எந்தக் கோணத்தில் வைத்தால் மலை நன்றாக விழும் என்று யோசித்தேன். அந்த இடத்தில் ஒரு வடிவமைப்பாளர் யோசிக்க வேண்டியது வேறு என்பது என் அறிவுக்கு எட்டவில்லை.

பிறகு வரைய உட்கார்ந்தேன். மென்பொருளில் படகின் உடல் ஒரு வலை போலத் தெரியும். முடிச்சுகளைப் பிடித்து இழுத்தால் உடல் உப்பும், ஒடுங்கும். நான் ஒடுக்கினேன். அகலத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் ஒரு மீன் மாதிரி நெளிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். தயாளன் அண்ணனின் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "அன்னப்பறவ மாதிரி இருக்குது" என்றாராம். அதற்குப் பிறகு என்னை யார் நிறுத்த முடியும்? இன்னும் ஒரு கை அகலம் உள்ளே தள்ளினேன்.

படகு நிமிர்ந்து நிற்குமா என்று மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லும். அதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்கும். அதில் ஒன்று: பயணிகள் அனைவரும் ஒரே பக்கம் குவிந்தால் எவ்வளவு சாயும் என்று பார்க்க வேண்டுமா? பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது, டிக் போடுவதற்கு. நான் போடவில்லை. எதற்குக் குவியப் போகிறார்கள்? நாற்காலி போட்டிருக்கிறோம், உட்கார்ந்திருப்பார்கள். அப்படியே யாராவது எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, அதற்கும் ஒரு தீர்வு கண்டுபிடித்தேன். 'படகு ஓடும்போது எழுந்து நிற்காதீர்கள்' என்று தெலுங்கிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை. மாதிரியில் அந்தப் பலகை கட்டைவிரல் நகம் அளவுதான். அதிலும் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும் என்று லேசர் இயந்திரத்தில் முனிரத்தினத்தின் உயிரை எடுத்தேன்.

"இந்த போர்ட எவன் படிப்பான் கப்பலு? எறும்பா?" என்றார்.

கணக்கின் முடிவு பச்சை நிறத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் 'வெரி குட்' போட்ட நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியது நினைவுக்கு வந்தது. படித்த முதல் தலைமுறைக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. அச்சில் வந்தது, திரையில் வந்தது எதையும் சந்தேகப்படத் தெரியாது.

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மேல்பாதியை அறுத்து எடுத்த அந்தக் கறுப்புத் தண்ணீர்த்தொட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் மிதக்க விட்டோம். நீளம் இருபதில் ஒரு பங்கு என்றால் எடை எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஓர் ஆளுக்கு ஒரு சின்ன போல்ட். முப்பது இருக்கையிலும் முப்பது போல்ட் வைத்தோம். நான் வரைந்த கோட்டில் தண்ணீர் வந்து நின்றது, அளந்து வைத்த மாதிரி. முதலாளிகூடக் கை தட்டினார்.

அந்த வாரம் சனிக்கிழமை நைனாவும் அம்மாவும் மலைக்குப் போக வந்தார்கள். அலிபிரிப் படிக்கட்டில் நடந்து ஏறலாம் என்றார் நைனா. அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் ஏறினோம்.

பஸ் கிளம்பியதுமே கோவிந்தா ஆரம்பித்துவிட்டது. பின்சீட்டில் ஒருவர் "ஏடு கொண்டல வாடா!" என்று எடுத்துக் கொடுக்க, மொத்த பஸ்ஸும் "கோவிந்தா!" என்றது. ஒரு வளைவில், இடது பக்கப் பாறையில் பெருமாளின் முகம் மாதிரி தெரியும் என்று யாரோ சொன்னார். அவ்வளவுதான். வலது பக்கம் இருந்தவர்களெல்லாம் இடது பக்கம் பாய்ந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். எல்லாருடைய கையும் தலைக்கு மேலே. நைனா எனக்கு முன்னால் எழுந்து நின்று, ஜன்னல் கம்பியைப் பிடிக்காமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நைனா, உக்காரு! பஸ்ஸு ஓடச் சொல்ல எழுந்து நிக்கக் கூடாதுன்னு அங்க எழுதியிருக்குது பாரு" என்றேன்.

"எழுதியிருந்தா? எனக்கு இன்னா படிக்கவா தெரியும்?" என்றார் திரும்பிப் பார்க்காமல்.

கீழிருந்து அம்மாவின் குரல் வந்தது. "படிச்சவ நீ இன்னா பண்ணிக்கினு இருக்கற? கையக் கீழ எறக்குமே, முழங்கை என் மூஞ்சில இடிக்குது."

அப்போதுதான் கவனித்தேன். நானும் நின்றுகொண்டிருந்தேன். வலது பக்க இருக்கையை விட்டு இடது பக்கம் வந்திருந்தேன். இரண்டு கையும் தலைக்கு மேலே கூப்பியிருந்தன. எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பஸ் அகலமானது, சக்கரத்தில் நிற்பது. அது கொஞ்சம் முனகிவிட்டு வளைவைத் தாண்டியது. எனக்கு ஏரி நினைவுக்கு வந்தது. குன்றைத் தாண்டியதும் வலது பக்கம் ஒரே வீச்சில் திறந்த மலையும், ஒரு கை அகலம் உள்ளே தள்ளி வரைந்த என் அன்னப்பறவையும் அடுத்தடுத்து வந்தன. அதன் பிறகு வரிசையில் நின்றதோ, மேலே போனதோ எதுவும் மனதில் இல்லை. சன்னதியில் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தள்ளியபோது, ஊர் உலகம் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக, 'முப்பது பேரும் வலது பக்கம் வந்தால்?' என்றுதான் கேட்டுக்கொண்டு நின்றேன். பதில் வருவதற்குள் வெளியே தள்ளிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களை நகரி பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். டிக் போடாத கட்டத்தில் டிக் போட்டேன். முப்பது பேரும் நிற்பதாக, வலது ஓரத்தில் நிற்பதாகக் கொடுத்தேன். முடிவு சிவப்பில் வந்தது. பச்சை வந்தபோது ஒரு தடவைகூடச் சந்தேகப்படாத நான், சிவப்பு வந்ததும் மென்பொருளில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். மூடித் திறந்தேன். கணினியையே அணைத்துப் போட்டேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. இதை மட்டும் நினைவில் வையுங்கள்: பச்சையைச் சோதிக்கிற பழக்கம் நம்மில் யாருக்கும் கிடையாது.

அன்று முனிரத்தினம் பெருமாள் பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்க வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப தொட்டியில உட்டுப் பாப்போம் வா. நின்னுக்கினு இருக்கற ஆளுதான வேணும்? போல்ட்டு படுத்துக்குமே" என்றார். பிறகு கையிலிருந்த பொம்மையைப் பார்த்தார். "இவரு எப்பவும் நின்னுக்கினுதான இருக்காரு?"

எடை போட்டுப் பார்த்தோம். சாவி வளையத்தைக் கழற்றினால் ஒரு பெருமாள் ஏறக்குறைய ஓர் ஆள் கணக்குக்கு வந்தார். உயரம்தான் குறைவு. காலுக்கடியில் தெர்மாகோல் துண்டு ஒட்டி உயர்த்தினோம். முப்பது பேரையும் முதலில் நடுவில் நிறுத்தினோம். படகு லேசாக ஆடியது, நின்றது. பிறகு ஒவ்வொருவராக வலது பக்கம் நகர்த்தினோம். பாதிப் பேர் போனதும் படகு தலையைச் சாய்த்துக் கேட்கிற மாதிரி சாய்ந்தது. இன்னும் நாலைந்து பேரை வைத்தோம். ஓரம் தண்ணீரைத் தொட்டது. அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லாமல் புரண்டது. முப்பது பெருமாளும் தொட்டியின் அடியில் போய்ப் படுத்தார்கள். என்னுடைய மும்மொழிப் பலகை தலைகீழாக மிதந்தது.

"முப்பது பேரையும் முழுக்கிட்டியே கப்பலு" என்றார் முனிரத்தினம். குரலில் கிண்டல் இல்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். அவர் வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏமம்மா, சாமிக்குத் தெப்போற்சவமா?"

சொன்னேன். சிரிப்பு நின்றுபோனது. தொட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குக் காட்டணும். கமிட்டிக்காரங்க இதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. மிதக்குதா, ரிமோட்ல திரும்புதா, அவ்ளோதான் பாப்பாங்க. நிஜப் படகு கட்டச் சொல்ல சரி பண்ணிக்கலாமே?"

முனிரத்தினம் வேறு வழி சொன்னார். "அடியில உள்பக்கமா ரெண்டு ஈயத்துண்டு ஒட்டிடலாம். சாயாது. வெளிய யாருக்கும் தெரியாது."

அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஈயம் உள்ளே மறைந்துகொள்ளும், அன்னப்பறவை அன்னப்பறவையாகவே இருக்கும், என் கார்டில் போட்டிருப்பதும் பொய்யாகாது. கையில் ஈயத்துண்டை எடுத்துப் பார்க்கவும் பார்த்தேன். ஆனால் நாம் ஈயம் ஒட்டுவது இந்த முழங்கை நீளப் படகுக்கு. கட்டப்போவது வரைபடத்தில் இருக்கும் படகை. வரைபடத்தில் ஈயம் கிடையாது. 'பிறகு சரிசெய்யலாம்' என்பது எந்த வரைபடத்திலும் வரையக்கூடிய கோடு இல்லை. அனுமதி வந்ததும் எல்லோரும் நாள் பார்க்க ஓடுவார்கள், என்னையும் சேர்த்து.

"தயாளன் அண்ணனுக்கு போன் போடறேன் சார்" என்றேன்.

"போடு. ஸ்பீக்கர்ல போடு" என்றார் முதலாளி. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தயாளன் அண்ணன் முழுவதும் கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எனக்குத் தைரியம் சொன்னார்.

"இதுக்கா மேடம் பயந்துக்கினு இருக்கீங்க? நின்னாத்தான் சாயும்? நிக்க வேணாம்னு சொல்லிடுவோம். அதான் மூணு பாஷைல போர்டு வெச்சிருக்கீங்களே. எவ்ளோ படிச்சவங்க, எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருக்கீங்க."

முனிரத்தினம் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"அண்ணா, மலைக்கு பஸ்ல போயிருக்கீங்களா?"

"வருசா வருசம் போறேன்."

"கோவிந்தா போடச் சொல்ல, உக்காந்துக்கினேவா போடுவீங்க?"

பின்னால் சித்தூர் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் கேட்டது.

"நான்தான் மொதல்ல எழுந்து நிப்பேன்" என்றார்.

"அந்தப் படகுல ஸ்டீரிங் நீங்கதான் அண்ணா பிடிக்கப் போறீங்க."

இப்போது இரைச்சல்கூடக் கேட்கவில்லை. கைபேசியை மார்போடு வைத்து மூடிக்கொண்டார் போல. பிறகு வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"நாளைக்குக் காட்டலன்னா ஏரி போயிடும் மேடம். அது ஒண்ணு. சாயற படக என்னால ஓட்ட முடியாது. அது ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல நீங்க இன்னா செய்வீங்களோ செய்ங்க. நான் காலைல வந்துடறேன்."

படகு சாயாமல் இருக்க அகலம் வேண்டும். புதிய உடல் வெட்டி, வார்த்து, தேய்த்து எடுக்க நேரமில்லை. இருக்கிற உடலுக்கு இரண்டு பக்கமும், தண்ணீர் தொடும் இடத்தில், நீளமாக இரண்டு மிதவைகளைப் பொருத்தலாம். நீச்சல் தெரியாதவர் இடுப்பில் டியூப் மாட்டிக்கொள்வது போலத்தான். கணினியில் வரைந்து பார்த்தேன். சிவப்பு மாறியது. இந்த முறை பச்சையை நான் நம்பவில்லை. ஒவ்வோர் எண்ணையும் முதலாளியை உரக்கப் படிக்கச் சொல்லி மறுபடி போட்டேன்.

"ஒட்டினா அசிங்கமா இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும் சார்."

"எவ்ளோ அசிங்கம்?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். பார்த்தார். "சரி" என்றார். "திருகு போடுங்க. பசை காலைக்குள்ள காயாது."

மதியச் சாப்பாட்டுக்கு அவரே போய்ப் புளியோதரை வாங்கி வந்தார். நுரைக்கட்டையை அறுத்து, பூசி, தேய்த்து, வெயிலில் வைத்துச் சாயம் காய வைத்தோம். தொட்டியில் முப்பது பெருமாளையும் வலது ஓரம் நிறுத்தினோம். படகு சாய்ந்தது, யோசித்தது, நின்றது. எருமை தண்ணீரில் படுத்திருக்குமே, அந்த மாதிரி.

திங்கட்கிழமை முதலாளி, முனிரத்தினம், நான் மூவரும் மாதிரியோடு காத்திருந்த ஏரிக்கரைக்குத் தயாளன் அண்ணன் ஒரு முழு ரோஜா மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் வந்து நின்றார். படகைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மாறியது. அன்னப்பறவையை எதிர்பார்த்து வந்தவர் அல்லவா? ஆனாலும் மாலையை மாதிரியின் மேல் போடப் போனார்.

"அண்ணா, வேணாம்! இந்த அளவுல அந்த மாலை அம்பது பேரு எடை. எலுமிச்சம்பழம் நாலு பேரு."

"அப்ப பொட்டு?"

"பொட்டு வைக்கலாம்."

பொட்டு வைத்தார். மாலையை முனிரத்தினத்தின் கழுத்தில் போட்டுவிட்டார்.

குழுவில் மூன்று பேர். தலைமை ஒரு பெண் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் மாதிரியைப் பார்த்ததும், "இது படகா, இட்லிப் பானையா?" என்று தெலுங்கில் கேட்டார். மற்றவர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அந்தப் படகு அப்படி இருந்ததில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. நீங்கள் என் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்ல நாக்கு துடித்தது.

அந்த அதிகாரி படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பில் இருந்த வரைபடத்தையும் மாதிரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதில் இருப்பது ஒல்லியான படகு. இங்கே இருப்பது வேறு. எதற்கு அனுமதி கேட்கிறீர்கள்? வரைபடத்தில் இல்லாத படகைப் பார்த்து நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?"

இதை நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை. ஞாயிறு முழுக்கப் படகைச் சரிசெய்தோம். கோப்பில் பழைய படகு இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. முதலாளி அந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தார். தயாளன் அண்ணன் என்னைப் பார்த்தார். கரையில் கொஞ்சம் தள்ளி அந்த இன்னொரு விண்ணப்பக்காரர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

அலங்காரத்துக்காக ஒட்டியது என்று சொல்லலாம். பழைய வரைபடத்துக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு கட்டும்போது மாற்றலாம். அந்த நேரத்தில் இப்படிப்பட்ட பதில்கள்தான் வேகமாக வரும். வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்று தெரிந்ததால், திறக்காமல் பையிலிருந்து திருப்புளியை எடுத்தேன். நாலு திருகைக் கழற்றினேன். மிதவைகள் இரண்டும் கையோடு வந்தன. ஒல்லிப் படகு வெளியே வந்தது.

"இதுதான் மேடம் அந்த வரைபடம். நான் வரைந்தது" என்றேன். முனிரத்தினத்திடம் கை நீட்டினேன். பெருமாள் டப்பாவைக் கொடுத்தார்.

டப்பாவைத் திறந்ததும், இட்லிப் பானை என்றவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

முப்பது பேரையும் நடுவில் நிறுத்தி, ஒவ்வொருவராக வலது ஓரம் நகர்த்தினேன். பாதிக்கு மேல் போனதும் என் படகு புரண்டது. கரையோரம் ஆழமில்லை, முப்பது பேரும் தண்ணீருக்கடியில் பளிச்சென்று தெரிந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. குன்றைத் தாண்டியதும் மலை எந்தப் பக்கம் தெரியும் என்று கையைக் காட்டினேன். "அப்போது எல்லோரும் எழுந்துவிடுவார்கள் மேடம். நான் எழுந்துவிட்டேன். பஸ்ஸில்."

அதிகாரி மலையைப் பார்த்தார். பிறகு, "அதை மறுபடி மாட்டுங்கள்" என்றார்.

மாட்டினேன். ஒரு திருகு கை நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. மூன்று திருகோடு விட்டோம். தயாளன் அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பெருமாள்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொருவரையும் துடைத்து, தானே வலது ஓரத்தில் நிறுத்தினார். எருமை சாய்ந்தது. நின்றது. ரிமோட்டில் முனிரத்தினம் அப்படியே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்.

அன்று கையெழுத்து கிடைக்கவில்லை. ஏரி மற்றவருக்கும் போகவில்லை. மாற்றிய வரைபடம் கொடுக்க அவகாசம் கிடைத்தது. நிஜப் படகைக் கட்டியதும் மணல்மூட்டைகளை ஒரு பக்கம் அடுக்கிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அந்த இன்னொருவருடைய படகுக்கும் அதே நிபந்தனையைப் போட்டார் அந்த அதிகாரி. அதற்குப் பிறகு அந்த விண்ணப்பக்காரரை ஏரிப் பக்கம் காணவில்லை.

மிதவைகளை ஒட்டவைத்த மாதிரி தெரியாமல், உடலையே அகலப்படுத்தி மறுபடி வரைந்தேன். எத்தனை இழுத்தும் அது அன்னம் ஆகவில்லை. மணல்மூட்டைச் சோதனை நடந்தது, அனுமதியும் வந்தது. ஆனால் மூட்டைகள் யாரோ தூக்கி வைத்த இடத்தில் இருக்கும். ஆட்கள் அப்படியா?

முதல் ஓட்டத்துக்குத் தயாளன் அண்ணன் நைனாவையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார். வேண்டாம் என்று நான் சொன்னேன். "ஏன்? உன் கப்பல்ல நாங்க ஏறக் கூடாதா?" என்றார் நைனா. முப்பது இருக்கையும் நிரம்பின. நான் வேண்டுமென்றே இடது ஓரம் உட்கார்ந்தேன். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

குன்றின் நிழலிலிருந்து படகு வெளியே வந்தது. வலது பக்கம் மலை திறந்தது.

"கோவிந்தா!" என்றது நைனாவின் குரல்தான், முதலில். எல்லோரும் எழுந்தார்கள். என் பக்கத்து இருக்கைகள் ஒரே நொடியில் காலியாயின. அம்மாகூட முழங்கால் வலியோடு போய்விட்டாள். தயாளன் அண்ணன் ஸ்டீரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கினார். தரை என் காலடியில் சாயத் தொடங்கியது. என் பக்கம் மேலே ஏறியது.

நான் அவர்களுடைய கால்களுக்கு இடையே, வலது ஓரத்துக்கு வெளியே ஏறி வரும் தண்ணீரைப் பார்த்தேன். வந்தது. இன்னும் வந்தது. ஓரத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. அங்கேயே நின்றது.

"ஏ பொண்ணே, எங்க பாத்துக்கினு இருக்கற?" என்று நைனா திரும்பிக் கத்தினார். "மலை இங்க இருக்குது! வா, எழுந்து வா!"

எழுந்து போனேன். நான் போய் நின்ற பிறகும் தண்ணீர் அந்த ஒரு சாணைத் தாண்டவில்லை.